நிக் ஹைட்ஃபெல்டுக்கு ஒரு முதலிடம் பாக்கி

ஃபார்முலா 1 பற்றிப் பேச்செடுத்தால் போதும், இரண்டாவது வாக்கியத்தில் ஷூமாக்கர் வந்துவிடுவார், மூன்றாவதில் ஹேமில்டன், நான்காவதில் சண்டை. கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் பந்தயம் பார்க்கக் கூடும் மாமாக் (தமிழ் முஸ்லிம்) உணவுக் கடையில் இது ஓயாமல் நடக்கிறது. தே தாரேக் (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) ஆறிப்போகும், யார் பெரியவர் என்பது மட்டும் முடிவாகாது. இருவரிடமும் ஆளுக்கு ஏழு உலகப் பட்டம் இருக்கிறது. அவர்களுக்கு என் வக்காலத்து எதற்கு? நான் வாதாட விரும்புவது வேறு ஆட்களுக்காக. அவர்கள் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பந்தயம் ஜெயித்தார்?" என்பதுதான்.

நிக் ஹைட்ஃபெல்ட் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜெர்மானியர். 1999-இல் ஃபார்முலா 1-க்கு அடுத்த படியான ஃபார்முலா 3000 பட்டத்தை வென்று, 2000 முதல் 2011 வரை 183 ஃபார்முலா 1 பந்தயங்கள் ஓட்டியவர். 13 முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்து பரிசு மேடை ஏறினார். அவற்றில் 8 முறை இரண்டாமிடம். முதலிடம் பெறாமலே இத்தனை முறை மேடை ஏறியவர் உலகத்தில் வேறு எவரும் இல்லை. இதைச் சொன்னால் கடையில் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. பெரும்பாலும் வெல்ல முடியாத வண்டியை 13 தடவை மேடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவரை எந்தக் கணக்கில் தோற்றவர் என்பது?

இந்த விளையாட்டில் நான் நம்பும் அளவுகோல் ஒன்றுதான்: பக்கத்து வண்டியில் இருப்பவர். ஒரே அணி, ஒரே எஞ்சின், ஒரே டயர். மற்ற ஒப்பீடுகளில் பாதிக்கு மேல் வண்டியைப் பற்றியவை. அந்த அளவுகோலை ஹைட்ஃபெல்டிடம் வைத்துப் பாருங்கள். 2001-இல் ஸாபர் அணியில் அவருக்குப் பக்கத்தில் கிமி ரைக்கோனன். ஆண்டு முடிவில் ஹைட்ஃபெல்ட் 12 புள்ளி, ரைக்கோனன் 9. மெக்லாரன் அணியில் இடம் காலியானபோது அழைப்பு ரைக்கோனனுக்குப் போனது. மெக்லாரனுக்கு எஞ்சின் கொடுத்த மெர்சிடிஸ் நிறுவனம் சிறு வயதிலிருந்து வளர்த்தது ஹைட்ஃபெல்டை என்பது இதில் கூடுதல் வேதனை. அடுத்த ஆண்டு பக்கத்தில் ஃபெலிப்பே மாசா: 7-க்கு 4. பிறகு பிஎம்டபிள்யூவில் ராபர்ட் குபிட்சா, அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய திறமை என்று எல்லாரும் கொண்டாடியவர். 2007-இல் ஹைட்ஃபெல்ட் 61, குபிட்சா 39. 2008-இல் குபிட்சா முந்திவிட்டார், 75-க்கு 60, அதை மறைக்கவில்லை. 2009-இல் மறுபடியும் ஹைட்ஃபெல்ட், 19-க்கு 17. பக்கத்தில் உட்கார்ந்த இந்த மூவரில் ஒருவர் உலகச் சாம்பியன் ஆனார், ஒருவர் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டார், மூன்றாமவர் கனடாவில் ஜெயித்தார். அந்தக் கனடாப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

நம் மலேசியாவின் பந்தயத் தடமான செப்பாங்குக்கும் அவருக்கும் ஏதோ ஒட்டுறவு இருந்திருக்கிறது. அந்த 13-இல் மூன்று இங்கே கிடைத்தவை: 2005, 2009, 2011.

2009-ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியத் தொலைக்காட்சி நேரத்துக்கு வசதியாகப் பந்தயத்தை மாலை 5 மணிக்குத் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் மாதம், மாலை 5 மணி, செப்பாங். சிலாங்கூரில் துணி காயப்போடும் எந்த அம்மாவைக் கேட்டிருந்தாலும் என்ன நடக்கும் என்று சொல்லியிருப்பார். நான் எப்போதும் மேட்டுப் புல்வெளி டிக்கெட்காரன். கூரையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. தலைக்கு மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தோம். வானம் கறுத்துவிட்டது, மழை மட்டும் வரவில்லை. ஃபெராரிக்குப் பொறுக்கவில்லை. காய்ந்த தரையிலேயே ரைக்கோனனுக்குக் கனமழை டயரை மாட்டி அனுப்பினார்கள். அந்த டயரில் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவதற்கென்று ஆழமான பள்ளங்கள் இருக்கும். தண்ணீர் இல்லாத தரையில் ஓடினால் ரப்பர் சூடேறி உருக்குலைந்துவிடும். சில சுற்றுகளில் அதுதான் நடந்தது. பிறகு தூறல் விழுந்தது. ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து டயர் மாற்றினார்கள், தரை நனைந்தது போதவில்லை என்று மறுபடி வந்து லேசான ஈரத்துக்கான இடைநிலை டயருக்கு மாறினார்கள், வானம் உடைந்து கொட்டியதும் மறுபடியும் கனமழை டயருக்கு வந்தார்கள்.

ஹைட்ஃபெல்ட் 10-ஆம் இடத்தில் தொடங்கியவர். வண்டியில் எரிபொருள் நிறைய இருந்ததால் மழைக்காகப் பொறுத்திருக்க முடிந்தது. ஒரே ஒரு முறை உள்ளே வந்தார், கனமழை டயர் மாட்டிக்கொண்டார், அதோடு சரி. தரை அரைகுறையாக நனைந்திருந்த நேரத்தில் அந்த டயரைத் தேய்த்துக் கெடுக்காமல் ஓட்டுவதுதான் வித்தை. வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், வளைவில் வழக்கமான தடத்தைவிட்டு ஈரம் மிச்சமிருக்கும் ஓரத்தைத் தேட வேண்டும், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. மேட்டிலிருந்து பார்த்தால் அதில் எந்தப் பரபரப்பும் தெரியாது. ஒரு வெள்ளை வண்டி போகிறது, அவ்வளவுதான். 56 சுற்று ஓட வேண்டிய பந்தயத்தைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தி, 31-ஆவது சுற்றின் வரிசையை முடிவாக அறிவித்தார்கள். பட்டன் முதலிடம், ஹைட்ஃபெல்ட் இரண்டாமிடம், குளோக் மூன்றாமிடம். முக்கால்வாசி தூரம்கூட முடியாததால் பாதிப் புள்ளிதான். அன்றைய செப்பாங் என்றால் இன்று எல்லாருக்கும் நினைவிருப்பது ஃபெராரி கூடாரத்தில் ரைக்கோனன் ஐஸ்கிரீம் தின்ற படம்தான்! எனக்கும் பிடித்த படம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 10-இலிருந்து 2-க்கு வந்தவரை மறந்துவிட்டு ஐஸ்கிரீமை நினைவில் வைத்திருக்கும் ரசிகர் கூட்டத்தை என்னவென்பது.

2011-இல் குபிட்சா ஒரு ராலியில் படுகாயமடைய, ரெனோ அணி ஹைட்ஃபெல்டை அவசரமாக அழைத்தது. செப்பாங்கில் 6-ஆம் இடத்திலிருந்து தொடங்கி முதல் வளைவிலேயே 2-ஆம் இடத்துக்குப் பாய்ந்தார். கடைசியில் பின்னால் வந்த வெப்பரைத் தடுத்து நிறுத்தி மூன்றாவதாக முடித்தார். அதுதான் அவருடைய கடைசி மேடை. ஆகஸ்டில் வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். அப்போது அவர் 34 புள்ளி, அணித்தோழர் பெட்ரோவ் 32. முன்னால் இருப்பவரை நீக்கிவிட்டுப் பின்னால் இருப்பவரை வைத்துக்கொண்டார்கள். இன்று நினைத்தாலும் எரிகிறது.

அடுத்து நம் ஆள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். கோலாலம்பூர்த் தமிழர்களில் அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு, கேலி செய்தவர்கள் அதைவிட அதிகம். 2005 இண்டியானாபோலிஸில் ஆறே வண்டிகள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்ததுதான் அவருடைய ஒட்டுமொத்தக் கணக்கு என்பார்கள். அதே ஆண்டு மெல்பர்னில் தன் முதல் தகுதிச்சுற்றிலேயே ஜோர்டான் அணியின் வண்டியை 12-ஆவது இடத்தில் நிறுத்தியதை யாரும் சொல்வதில்லை. 2012 செப்பாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் பந்தயத்துக்குத் தகுதிகூடப் பெறாத எச்ஆர்டி வண்டி அது. மழையில், கனமழை டயரோடு, சிவப்புக் கொடி காட்டப்பட்டபோது கார்த்திகேயன் 10-ஆவது இடத்தில் நின்றார். அந்த வண்டி வரிசையில் அவ்வளவு முன்னால் நின்றதைத் திரையில் பார்த்தபோது ஏதோ எழுத்துப்பிழை என்று நினைத்தவர்கள் உண்டு. தரை காய்ந்ததும் பின்தங்கியது இயல்பு. பிறகு பட்டன் வந்து மோதினார். அதற்குப் பின் வெட்டல் ஒரு சுற்று முந்திப் போகும்போது உரசி, டயர் கிழிந்து நான்காம் இடத்தை இழந்தார். நடுவர்கள் கார்த்திகேயனுக்குத்தான் தண்டனை கொடுத்தார்கள். வெட்டல் வாய்க்கு வந்தபடி பேசினார். முந்திய கையோடு இன்னும் ஒரு கை இடம் விட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பது என் கட்சி. பல முறை பார்த்தும் மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

மலேசிய ஓட்டுநர் அலெக்ஸ் யூங் விஷயத்தில் என் அளவுகோல் எனக்கே பாதகம்தான். மினார்டி அணியில் அவர் பக்கத்தில் மார்க் வெப்பர். 2002-இல் யூங் மூன்று முறை தகுதி பெறவே தவறினார். வெப்பருக்கு ஈடு என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் மலேசியாவிலிருந்து ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டப் போன ஒரே ஆள் அவர். மெல்பர்னில் ஏழாவதாக வந்தார். அந்த ஆண்டு வரை முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி. அடுத்த ஆண்டே விதியை எட்டு பேருக்கு மாற்றினார்கள். ஓராண்டு தள்ளி வந்திருந்தால் மலேசியாவின் பெயரில் 2 புள்ளி பதிவாகியிருக்கும். அவரை நகைச்சுவைத் துணுக்காக ஆக்கியவர்களில் பாதிப்பேர் வாகன நெரிசலில் கூட்டரசு நெடுஞ்சாலையைக் கடக்கவே மூச்சு வாங்குகிறவர்கள்.

ராலி ஓட்டுநர் கரம்ஜிட் சிங்கைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். 2002-இல் மலேசியத் தயாரிப்பான புரோட்டோன் ஓட்டி உற்பத்தி வண்டிகளுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார், அதை வென்ற முதல் ஆசியர். வழிகாட்டியாகப் பக்கத்தில் இருந்தவர் ஆலன் ஓ. இந்த நாட்டில் பிறந்தவர் ஒருவர் உலகப் பட்டம் வென்றதை என் பக்கத்து வீட்டுப் பள்ளிப்பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

2025 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் நிக்கோ ஹுல்கன்பெர்க் மழையில் 19-ஆம் இடத்திலிருந்து தொடங்கி மூன்றாவதாக வந்தார். 239-ஆவது பந்தயத்தில் முதல் மேடை, அதுவும் ஸாபர் வண்டியில். நமக்கு இரவு மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது; கடையில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் உட்பட. பக்கத்து மேசைப் பையன் ஒருவன், "அண்ணே, இவர் இத்தனை நாளாக எங்கே இருந்தார்?" என்று கேட்டான். 2010-இல் பிரேசில் தகுதிச்சுற்றில் வில்லியம்ஸ் வண்டியை முதல் இடத்தில் நிறுத்தியவர் இவர்தான், 2015-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர்களில் ஒருவரும் இவர்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் பரிசளிப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டான். பார்க்கட்டும். ஹுல்கன்பெர்க் 239 பந்தயம் ஓட்டியது அந்த மேடைக்காகத்தானே, என் விளக்கவுரைக்காகவா?