மொட்டை மாடியில் கட்டிப்போடத்தான் ஹஸ்கி வாங்கினீர்களா?

எங்கள் எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஒரு சைபீரியன் ஹஸ்கி நாய் கட்டப்பட்டிருக்கிறது. துணி காயப்போட மேலே போகும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது, படும்போதெல்லாம் வயிறு எரிகிறது. காலையில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் அது படுத்திருக்கும். நிழல் நகர நகரச் சங்கிலியை இழுத்துக்கொண்டு அதுவும் நகரும். உச்சி வேளையில் நிழல் முழுவதும் தொட்டியின் அடியில் சுருங்கிப்போனதும், தொட்டியைத் தாங்கும் செங்கல் தூண்களுக்கு நடுவே தலையை மட்டும் நுழைத்து, உடம்பை வெயிலில் விட்டுக் கிடக்கும். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. அந்த வெயிலில் அதிலுள்ள தண்ணீரில் யாரும் விரலை வைக்க முடியாது.

உரிமையாளரிடம் பேசினேன். "அதெல்லாம் பழகிடும் சார், நாய்தானே! வீட்டுக்குள்ள விட்டா முடி கொட்டுது, அம்மாவுக்கு ஆஸ்துமா" என்றார். வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருப்பது தெரிந்தும், ஆண்டு முழுவதும் ரோமம் உதிர்க்கும் ஒரு நாயை எதற்காக வாங்கினார் என்று கேட்டதற்கு, நீலக் கண் வேண்டுமென்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று பதில் வந்தது. ஒரு பிள்ளையின் ஆசை தீர்ந்துபோக மூன்று மாதம் போதும். அந்த ஆசைக்காக வாங்கப்பட்ட உயிரோ பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் வாழக்கூடியது.

"பழகிடும்" என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் சகித்துக்கொள்ளவே முடியவில்லை. எதற்குப் பழகும்? ஹஸ்கி என்பது சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் பனிவண்டி இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம். 1925ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்தைச் சுமந்த நாய்வண்டிகள் மாறி மாறி ஓடி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான பனிப்பாதையை ஐந்தரை நாளில் கடந்தன என்றால், அந்த உடம்பு எந்தக் குளிருக்காக அமைந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த உடம்பைச் சென்னையின் கத்திரி வெயிலில், சிமெண்டுத் தரையில், ஆறடிச் சங்கிலியில் கட்டிவிட்டுப் பழகிவிடும் என்று சொல்வது அறியாமைகூட இல்லை. அறிந்துகொள்ள வேண்டியதில்லை என்ற அலட்சியம் அது.

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அதனால் உடல் சூடு பெரிதாகத் தணியாது. வாயைத் திறந்து வேகவேகமாக மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குவதுதான் அதற்கு இருக்கும் முக்கியமான வழி. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் எளிதில் ஆவியாகாது என்பதால், கடலோர நகரத்தின் புழுக்கத்தில் நாய் எவ்வளவு இரைத்தாலும் உள்ளே சூடு தணிவதில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. அது 41ஐத் தாண்டினால் வெப்பவாதம். மூளை, சிறுநீரகம், குடல், இரத்தம் உறையும் தன்மை எல்லாம் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும். இயல்புக்கும் ஆபத்துக்கும் நடுவே இரண்டு மூன்று டிகிரிதான் இடைவெளி என்பதையும், நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி பதிவான ஊர் இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மதியம் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் ஒரு நாயைக் கட்டிவைக்க எவருக்கும் மனம் வரக் கூடாது.

கோடைக்கென்று நாயின் முடியை ஒட்ட மழித்துவிட்டோம், இனிக் குளிர்ச்சியாக இருக்கும் என்று பெருமையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹஸ்கி போன்ற நாய்களுக்கு மேலே நீண்ட ரோமமும் அடியில் பஞ்சு போன்ற ரோமமுமாக இரண்டு அடுக்கு உண்டு. அடி ரோமத்தைத் தவறாமல் சீவி எடுத்துவிட்டால் தோலுக்குக் காற்றோட்டம் கிடைக்கும், மேல் ரோமம் நேர் வெயில் தோலில் படாமல் காக்கும். முழுவதையும் மழித்தால் தோல் வெந்து புண்ணாவதோடு, சில நாய்களுக்கு முடி மறுபடி ஒழுங்காக வளர்வதுமில்லை. வாங்கும்போது விலையைக் குறைக்க ஒரு மணி நேரம் பேரம் பேசியவர்கள், இதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

பக் நாய்களின் பாடு இன்னொரு வகை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய அந்த நாயைப் பார்த்து, ஊரெல்லாம் அதையே தேடி வாங்கியது நினைவிருக்கும். மூக்கை நசுக்கி நசுக்கி மனிதன் உருவாக்கிய முகம் அது. சாதாரண நாளிலேயே குறட்டையும் திணறலுமாக மூச்சு விடும் அந்த நாய்க்கு, இரைத்து உடம்பைக் குளிர்விக்கும் அந்த முக்கியமான வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. அதைக் காலை பத்து மணிக்குத் தார்ச் சாலையில் நடக்கக் கூட்டிப்போய்விட்டு, சோம்பேறி, நடக்க மாட்டேன் என்கிறது என்று அதட்டுபவர்களைப் பார்க்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு அதே சாலையில் பத்தடி நடந்து பாருங்கள், யார் சோம்பேறி என்று தெரியும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதையும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதையும், போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராததையும், தெருவில் கைவிடுவதையும் குற்றம் என்றே சொல்கிறது. முதல் முறை செய்தால் தண்டனை என்ன தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல் அபராதம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த ஐம்பது ரூபாய் உச்சவரம்பு மாறவில்லை. பல ஆயிரம் கொடுத்து நாய் வாங்குகிறவரை ஐம்பது ரூபாய் எப்படித் தடுக்கும்? நாய் வளர்த்து விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் வந்த விதிகள் சொல்கின்றன. நடப்பதோ வேறு. கண் திறந்து சில நாட்களே ஆன குட்டிகள் அட்டைப்பெட்டியில் கைமாறுகின்றன. இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று 2024இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட்டபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

நாட்டு நாய் வாங்குங்கள் என்று சொன்னாலே போதுமென்று நினைப்பவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இந்த மண்ணின் வெயிலுக்கு ஏற்றவைதான், மறுக்கவில்லை. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைத் துரத்தி ஓடிய நாய்கள். அவற்றை நான்கடி இரும்புக் கூண்டில் அடைத்து, காவலுக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்வதும் வதைதான். ஓட இடமும், கூட ஓட ஆளும் இல்லாத வீட்டில் எந்த இனமும் வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை நாயை வீட்டுக்குள் வையுங்கள். ஏசி இல்லாவிட்டாலும் மின்விசிறியும் ஈரத் துணி விரித்த தரையும் போதும், முடி கொட்டினால் பெருக்கிக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பும் இருட்டிய பின்பும் நடக்கக் கூட்டிப்போங்கள். நாய் நிற்காமல் இரைத்து, எச்சில் ஒழுக்கி, ஈறு செக்கச்செவேலென்று ஆகித் தள்ளாடினால், உடனே நிழலுக்குத் தூக்கிச்சென்று, குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவு தடுமாறும் நாயின் வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள். சூடு தணியத் தொடங்கியதும் மருத்துவரிடம் ஓடுங்கள். வளர்க்க முடியாது என்று முடிவு செய்துவிட்டால், சுங்கச்சாவடி தாண்டி இறக்கிவிட்டு வராமல், பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு வீட்டைத் தேடி நீங்களே கொண்டுபோய் ஒப்படையுங்கள்.

எதிர்வீட்டுக்காரரிடம் மறுபடியும் பேசினேன். ஒரு பச்சை நிழல்வலை கட்டித் தருகிறேன், செலவு என்னுடையது என்றேன். யோசிக்கிறேன் என்றார். கத்திரி மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கிவிடும். அவர் யோசித்து முடிப்பதற்காக நான் காத்திருக்கப் போவதில்லை, வலையும் கயிறும் வாங்கி வைத்துவிட்டேன். நாளைக் காலை அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் போய்க் கதவைத் தட்டுவேன். வலை அன்றைக்கு மட்டும்தான் ஆறுதல், நாய் கீழே வீட்டுக்குள் வர வேண்டும் என்பதையும் அவருடைய அம்மாவை வைத்துக்கொண்டே சொல்வேன். மறுத்தால் புகார் எழுதிக் கொடுப்பேன், ஐம்பது ரூபாய் அபராதமே ஆனாலும்.