அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை

சென்னையில் முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பயம்தான். குடிவருகிறவர் எப்படிப்பட்டவரோ, மாதம் பிறந்தால் வாடகை வருமோ, காலி பண்ணச் சொன்னால் பண்ணுவாரோ. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் குடித்தனக்காரரால் வந்ததில்லை. வாங்கிய அட்வான்ஸை வீட்டு ஓனர் செலவழித்த அன்றைக்கே அந்தச் சண்டைக்கு விதை போட்டாகிவிட்டது.

நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை பக்கமெல்லாம் கதை ஒன்றுதான். ரிட்டயர்மென்ட் பணம் கொஞ்சம், வங்கிக் கடன் கொஞ்சம் போட்டு மாடி எழுப்புவார்கள். கீழே நாம், மேலே குடித்தனம். வாடகை 18,000 ரூபாய் என்றால் பத்து மாத அட்வான்ஸ் 1,80,000 ரூபாய் மொத்தமாகக் கைக்கு வருகிறது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரிக்குப் பாக்கி இருக்கும், டைல்ஸ் கடைக்குப் பாக்கி இருக்கும், கிரில் வேலை பாதியில் நிற்கும். ஒரே வாரத்தில் பணம் காணாமல் போகும். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. "திருப்பிக் கொடுக்கத்தானே போகிறோம், அடுத்து வருகிறவங்க அட்வான்ஸ் வரும்ல" என்ற கணக்கு.

அந்தக் கணக்கு உடைவது இரண்டு வருடம் கழித்து. "சார், ஆபீஸ் சிறுசேரிக்கு மாறிடுச்சு, அடுத்த மாசம் காலி பண்றோம்" என்று மாடியிலிருந்து இறங்கி வந்து சொல்வார்கள். அது ஆனி மாதக் கடைசியாக இருந்துவிட்டால் போச்சு. ஆடியில் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். டு-லெட் போர்டு தொங்கும், ஆள் வராது. பழையவர்களோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க உங்கள் பணத்தைத்தான் நம்பியிருப்பார்கள். இல்லை, தப்பு, அவர்கள் பணத்தை.

எங்கள் தெருவில் அப்படி ஒரு காலி பண்ணும் நாளைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாசலில் டாடா ஏஸ் நிற்கிறது, வாஷிங் மெஷின் ஏற்றியாகிவிட்டது. உள்ளே ஓனர் ஒவ்வொரு அறையாகப் போய் ஆணி ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சிங்க்குக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கையில் ஒரு பழைய டைரி, அதில் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, பாத்ரூம் குழாய், கிச்சன் கதவின் கைப்பிடி என்று எழுதிக்கொண்டே வந்தார். "அங்கிள், ஹால்ல இருக்கிற ஆணியெல்லாம் நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தது" என்றது அந்தப் பெண். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றார் இவர். யாரிடமும் ஒரு போட்டோகூட இல்லை. கடைசியில் கால்வாசிப் பணம் பிடித்தார், மீதியில் பாதியை மட்டும் கொடுத்து, "ஆவணி பிறந்ததும் மிச்சம்" என்று அனுப்பினார். அவர் மோசமான மனிதர் கிடையாது. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஆட்டோ பிடித்து வருகிறவர். கையில் பணம் இருந்திருந்தால் அந்த டைரியைத் திறந்திருக்கவே மாட்டார்.

அந்தப் பெயிண்டிங் பிடித்தம் சென்னையில் எழுதாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது. எழுதிய சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் கொண்டுவந்த புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. யார் எந்த ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று அதில் அட்டவணையே உண்டு. அக்ரிமென்டில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், வாஷ் பேசின் ரிப்பேர், சாக்கடை அடைப்பு, கதவுப் பூட்டு, உடைந்த கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. பெயிண்டிங்குக்குப் பிடிக்கத்தான் வேண்டும் என்றால் முதலிலேயே அக்ரிமென்டில் தொகையோடு எழுதுங்கள். சாவி கொடுக்கும் அன்று இரண்டு பேரும் சேர்ந்து வீடு முழுக்க வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரிமாறிக்கொள்ளுங்கள், ஈபி மீட்டர் ரீடிங் உட்பட. பத்து நிமிட வேலை.

அக்ரிமென்ட் விஷயத்திலும் புது ஓனர்கள் நிறையப் பேர் பழைய நினைப்பிலேயே இருக்கிறார்கள். பத்திரத்தாளில் பதினொரு மாதத்துக்கு டைப் அடித்துக் கையெழுத்து வாங்கினால் போதும், பதிவே வேண்டாம் என்று புரோக்கர் சொல்வார். இப்போது அது போதாது. புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதினொரு மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது, பதிந்தால் ஒரு எண் கொடுப்பார்கள். நாளைக்கு வாடகைப் பாக்கி என்று வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் கையில் இருக்கப்போவது அந்த எண்தான்.

சொல்லப்போனால், பாக்கி வந்தால் என்ன செய்வது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கோபத்தில் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள், ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேலே குழந்தை இருக்கும், வயதானவர் இருப்பார். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தும் உரிமை ஓனருக்குக் கிடையாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நிறுத்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் புகார் உங்கள் மேல்தான் வரும். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலே காலி செய்யச் சொல்லி வழக்குப் போட வழி இருக்கிறது. அந்த வழியில் போங்கள்.

ஈபி பற்றி ஒன்று. கீழுக்கும் மேலுக்கும் ஒரே இணைப்பு வைத்துக்கொண்டு, மாடிக்குச் சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இரண்டு வீட்டு யூனிட்டும் சேர்ந்து இரண்டு மாதத்தில் 500ஐத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும். இலவச யூனிட் யாருக்கு என்ற பேச்சும் வரும். மாடி கட்டும்போதே தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

லீஸுக்கு விடுகிறேன் என்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். மாத வாடகை கிடையாது, லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கி மூன்று வருடம் கழித்து முழுசாகத் திருப்ப வேண்டும். அட்வான்ஸையே பத்திரமாக வைக்க முடியாதவர் இதில் இறங்கவே கூடாது. நடுவில் ஒருவர் வந்து "வீட்டை என்கிட்ட கொடுங்க, மாசா மாசம் வாடகை நான் தர்றேன்" என்றால் ரொம்ப ஜாக்கிரதை. உங்களிடம் வாடகைக்கு எடுத்து, இன்னொரு குடும்பத்திடம் லட்சங்களை வாங்கி லீஸுக்கு விட்டு, காணாமல் போனவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அப்புறம் நீங்களும் அந்தக் குடும்பமும் ஒரே ஸ்டேஷன் வாசலில் நிற்பீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். "சைவம் மட்டும்", "பேச்சுலர் வேண்டாம்", அதற்கு மேல் சாதி, மதம் என்று சல்லடை போடுகிறோம். இதில் ஏதாவது ஒன்று, ஐந்தாம் தேதி வாடகை வருமா என்று சொல்லுமா? ஆதார் நகல், வேலை செய்யும் இடம், முன்பு குடியிருந்த வீட்டு ஓனரின் போன் நம்பர், இந்த மூன்றையும் வாங்கிப் பேசிப் பாருங்கள். குடியிருப்பவர் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள். மனிதரை அவமானப்படுத்தாமல் விசாரிக்க இதுவே தாராளம்.

இனி அட்வான்ஸுக்கே வருகிறேன். புதிய சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பத்து மாதம் இன்னும் ஓடுகிறது. வீடு தேடி அலைகிறவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? கல்யாணமாகி முதல் வீடு பார்க்கிற பிள்ளைகள் நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் நம் வீட்டு டைல்ஸாக மாறுவது சரியில்லை. மூன்று மாதம் வாங்குங்கள், வாங்கியதை அப்படியே ஃபிக்சட் டெபாசிட்டில் போடுங்கள், சாவி திரும்பி வருகிற அன்றே கொடுத்துவிடுங்கள்.

வரும் தையில் எங்கள் மாடி காலியாகிறது. இரண்டு பெட்ரூம், தனி ஈபி மீட்டர், பதிவு செய்த அக்ரிமென்ட், மூன்று மாத அட்வான்ஸ், பெயிண்டிங் பிடித்தம் கிடையாது. தேவைப்படுகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். என்ன சமைப்பீர்கள் என்று கேட்க மாட்டேன்.