பெயர் எழுதிய நோட்டுப் புத்தகம்

துயரம் நடந்த ஊரில் சபைகள் ஆறுதல் கூட்டம் நடத்துவதாகச் செய்தி வரும்போதெல்லாம், ஒக்கி புயலுக்குப் பிந்தைய குமரிக் கடற்கரைதான் என் நினைவுக்கு வருகிறது.

புயல் தாக்கிய 2017 நவம்பர் 30 அன்று உள்நாட்டில் இருந்த நாங்கள் கண்டது, சாய்ந்த ரப்பர் மரங்களையும் முறிந்த வாழைகளையும் நாள்கணக்கில் இல்லாத மின்சாரத்தையும் மட்டுமே. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆண்களில் பலர் தங்குகடல் தொழில் செய்பவர்கள். ஒருமுறை கிளம்பினால் வாரக்கணக்கில் கரை காணாதவர்கள் என்பதால், எச்சரிக்கை வெளியானபோது அதைக் கேட்கும் தொலைவில்கூட அவர்களில் பலர் இல்லை. அன்றைய நாள் மீனவரான புனித அந்திரேயாவின் திருநாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு வாரம் கழித்து, நண்பர் ஒருவருடன் அந்தக் கரையோர ஊர்களில் ஒன்றுக்குப் போனேன். நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவன், கத்தோலிக்கரின் மாதா கெபியும் செபமாலையும் எனக்கு அயலானவை. கோவிலுக்கு முன்னால் போட்டிருந்த பந்தலில் பெண்கள் தரையில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. படகின் பெயர், போனவர்களின் பெயர், வயது, கடைசியாகப் பேசிய நாள் என்று பத்தி பிரித்து எழுதியிருந்தார்கள். கரை சேர்ந்தவர்களின் பெயருக்கு நேரே பச்சை மையில் ஒரு சரி. அந்தப் பக்கத்தில் பச்சை குறைவாகவே இருந்தது.

காணாமற்போனோர் இத்தனை பேர் என்று அரசு சொன்ன எண்ணிக்கையும், பங்குகள் எனப்படும் ஊர்ச் சபைகள் சொன்ன எண்ணிக்கையும் ஒத்துப்போகாத நாட்கள் அவை. ஆகவே, அந்த நோட்டுப் புத்தகத்தையே அங்கு அளிக்கப்பட்ட முதல் ஆறுதலாக நான் கருதுகிறேன். தன் கணவனின் பெயரை ஒருவர் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார் என்பதே, எந்த அலுவலகத்தில் கேட்பது என்று தெரியாமல் நின்ற ஒரு பெண்ணுக்குப் பிடிமானமாக இருந்தது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தபோது பங்குத்தந்தையரும் உடன் இருந்தார்கள். திருச்சபை அரசியல் செய்கிறது என்று எங்கள் பக்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். தேடச் சொல்லிக் கேட்பதில் என்ன அரசியல் இருக்கிறது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதைவிடக் கடினமான ஒன்றை அந்த மக்கள் தங்களுக்குள் தாங்க வேண்டியிருந்தது. உடல் கிடைக்காதவருக்கு எந்த நாளில் துக்க மணி அடிப்பது? பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்ற மன்றாட்டை நிறுத்திவிட்டு, இறந்தோருக்காகச் சொல்லும் ‘நித்திய இளைப்பாற்றி’ என்று வேண்டத் தொடங்குவது எப்போது? காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் ஏழு ஆண்டுகள் கேட்கிறது. பின்னர் அந்தக் காத்திருப்பைத் தளர்த்திதான் நிவாரணம் வழங்கப்பட்டது. ஆனால் ஒரு தாயின் மனத்தைத் தளர்த்த அரசாணை எதுவும் இல்லை. நான் போன அன்று மாலைத் திருப்பலியில் குருவானவர் ‘கடலில் இருக்கிற நம் பிள்ளைகள்’ என்று மட்டுமே சொன்னார். ‘இறந்த’ என்ற சொல்லை ஒருமுறைகூட அவர் தொடவில்லை. அதே வாரம் உள்நாட்டில் நான் கேட்ட ஒரு பிரசங்கத்தில், எல்லாம் தேவ சித்தம் என்று ஐந்தே நிமிடங்களில் கணக்கை முடித்துவிட்டார்கள். மேட்டில் நின்றுகொண்டு அப்படிச் சொல்வது எளிது.

அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு அந்த ஊர்களில் வீட்டு வாசல்களில் நட்சத்திரம் தொங்கவில்லை. நள்ளிரவுத் திருப்பலி மட்டும் நடந்ததாக நண்பர் சொன்னார்.

பிறகு ஒரு நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று, மீண்டும் அங்கே போயிருந்தேன். எல்லாக் குடும்பங்களும் தத்தம் கல்லறைகளில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டிருக்க, கல்லறை இல்லாதவர்கள் தோட்டத்தின் நடுவே நின்ற பெரிய சிலுவையின் அடியில் கூடியிருந்தார்கள். கடற்காற்றில் திரி நிற்கவில்லை. ஒரு மூதாட்டி தன் முந்தானையை விரித்து மறைத்துப் பிடிக்க, பக்கத்து வீட்டுப் பெண் குனிந்து தீக்குச்சியைக் கிழித்தாள்; மூன்றாவது குச்சியில்தான் பற்றியது.