மூன்று பரப்பு வளவு கிடக்க, அரிசி வாளிதான் கிடைத்ததா?

மூன்று பரப்பு வளவு. மா, பலா, முருங்கை, கிணற்றடியில் வாழை, வேலி நெடுகக் கதியால். காலைத் தூக்குகிற நாய்க்கு இதைவிட என்ன வேணும்? ஆனால் எங்கள் ஜிம்மித் துரைக்கு மழைத்துளி மேலில் படக்கூடாதாம். குட்டியில் பழக்கியதிலிருந்து வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாத நாய், கதவைப் பிறாண்டி "திற" என்று கேட்கிற நாய், இந்த மாரி தொடங்கியதும் விறாந்தை, ஹோல், சாமியறை வாசல் என்று எல்லாவற்றுக்கும் தன் பெயரில் உறுதி எழுதத் தொடங்கிவிட்டது.

மிருக வைத்தியர் ஏசவேண்டாம் என்றார். பழகின நாய் திடீரென்று இப்படிச் செய்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சிறுநீரகம், சீனி வருத்தம், வயது என்று வேறு காரணங்களும் உண்டு, காலைச் சிறுநீரைச் சுத்தமான போத்தலில் பிடித்துக்கொண்டு வாருங்கள், தரையில் கிடப்பதை அள்ளிக்கொண்டு வராதீர்கள் என்றார். நியாயமான பேச்சுத்தான். பிடித்துக்கொண்டு வரட்டாம்! பொமேரியனின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரியாதா?

இன்று விடியக்காலை மழை அடித்து ஊற்றுகிறது. ஒரு கையில் குடை, மறு கையில் கொதிநீரில் கழுவின பழைய கறிக்கரண்டி, மணிக்கட்டில் சங்கிலி. துரை படியில் நின்று வானத்தைப் பார்த்தார். யோசித்தார். இறங்கினார். செவ்வரத்தை அடியை ஒரு சுற்று மணந்து பார்த்தார், பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. காலைத் தூக்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து கரண்டியை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து இலையிலிருந்து ஒரு துளி முதுகில் விழ, காலை இறக்கிவிட்டு, என்னவோ நான்தான் ஊற்றினேன் என்பதுபோலத் திரும்பி ஒரு பார்வை. சரி, முதலிலிருந்து. தென்னையடி. மணத்தல். கால். கரண்டி. கரண்டி தொடையில் முட்டியதும் கோபம் வந்து இரண்டடி தள்ளி நின்று உடம்பை உதறினார், என் முகம் முழுக்கச் சேறு. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு மாமி, "என்ன பிள்ளை, விடியக் காலமை கரண்டியோட மழைக்குள்ள?" நான் என்னத்தைச் சொல்ல? கரண்டியில் இருந்தது முழுக்க மழைத்தண்ணி. போதுமடா சாமி என்று உள்ளே கூட்டிவந்து, துவாயால் துடைத்து, பாவம் என்று தலையையும் தடவிவிட்டுத் திரும்புகிறேன், துரை அரிசி வாளியோடு ஒட்டி நின்று, அவசரமே இல்லாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஒரு பரிசோதனைக்கூடத்துக்கே காணுமான அளவு!

இதற்குள் ஆலோசனைக்கு மட்டும் குறைவில்லை. "மூக்கை அதுக்குள்ள தேய்ச்சு விடு பிள்ளை, பிறகு செய்யாது" என்கிறார் மாமி. தேய்த்தால் அது படிப்பது ஒன்றுதான், அடுத்தமுறை ஆளுக்குத் தெரியாமல் கட்டிலுக்குக் கீழே போவது. ஸ்காபரோவிலிருந்து அண்ணை வீடியோவில் வந்து, பினாயில் போட்டால் எங்கட மூக்குக்குத்தான் மணம் போகும், நாய்க்குப் போகாது, அது திரும்ப அதே இடத்துக்குத்தான் வரும், என்சைம் கிளீனர் வாங்கு என்று பாடம் எடுக்கிறார். அண்ணை சொல்வது சரிதான், ஆனால் எங்கள் சந்திக் கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "வேற என்ன வேணும்?" என்கிறார். கடைசியில் வினாகிரியும் தண்ணியும்தான், வீடு முழுக்க இப்போது அச்சாறு மணம். அம்மம்மாவுக்கோ வேறு கவலை. "வைரவற்ற வாகனத்தை ஏசாத பிள்ளை, குற்றம் வரும்." வரட்டும் அம்மம்மா, வைரவருக்கு வடைமாலை சாத்துகிற வீட்டில் வாகனத்துக்குத் துணி பிடிக்க மட்டும் ஏன் நான் ஒருத்தர்? மற்றவர்கள் எல்லாம் "ஐயோ, மணக்குது" என்று சொல்லிக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறார்கள். இந்த வீட்டில் ஜிம்மியைவிட அதிகம் காலைத் தூக்குவது இவர்கள்தான்.

சரி, துடைப்போம் என்று குந்தினால், வாளியடியில் இருந்தது அங்கே இல்லை. நேராக அலுமாரிக்குக் கீழே ஓடிவிட்டது. வாசல் பக்கம் இல்லை, உள்ளுக்கு! ஹோலுக்குச் சீமெந்து இழுத்த அந்த மேசன், மட்டம் பார்க்கிற நேரமெல்லாம் போனில் கதைத்துக்கொண்டு, பத்து மணிக்கு ஒரு தேத்தண்ணி, பதினொரு மணிக்கு இன்னொரு தேத்தண்ணி, கடிக்க ஒன்றும் இல்லையோ என்று வேறு கேட்டு, முழுக்காசையும் எண்ணி வாங்கும்போது "வாட்டம் எல்லாம் வடிவா இருக்கு, ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது" என்றவர். உண்மைதான், நிற்கவில்லை. இன்றைக்குப் போன் எடுத்தால் மனிதர் எடுக்கிறாரில்லை. ஜிம்மியாவது கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது.