மென்பொருள் எதை மறைக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் நான்கு தந்தி வாத்தியங்களுக்காக நான் எழுதிய ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட்டை நான்கு கலைஞர்கள் முதன்முறையாகத் தாளைப் பார்த்து வாசித்தபோது, இருபது பார்கூடத் தாண்டுவதற்குள் இரண்டாம் வயலின் வாசித்தவர் வில்லைத் தூக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். வயலினின் ஆகத் தாழ்ந்த ஸ்வரமான ஜி-யையும் அதற்கு மேலே உள்ள ஏ-யையும் அவர் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அந்த இரண்டு ஸ்வரங்களும் வயலினில் ஜி தந்தி ஒன்றில் மட்டுமே இருக்கின்றன. ஒரு தந்தியில் ஒரு நேரத்தில் இரண்டு ஸ்வரம் பிறக்காது. “இதில் எதை விடட்டும் சார்?” என்று கேட்டார். கேலியில்லை, உண்மையாகவே கேட்டார். என்னுடைய கணினி அதே இடத்தை மூன்று மாதங்களாக நூறு முறையாவது வாசித்துக் காட்டியிருந்தது. ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

மேற்கத்திய செவ்வியல் இசை எழுத எந்த மென்பொருளை வாங்கலாம், எந்த மெய்நிகர் இசைக்கருவி நிஜ வாத்தியத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்று கேட்பவர்களிடம் இந்த ஜி-ஏ கதையைத்தான் முதலில் சொல்கிறேன். நிஜம்போல் ஒலிக்கிறதா என்று கேட்டால் இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஆமாம் என்று சொல்லிவிட முடியும். அவர்கள் வெளியிடும் மாதிரிப் பதிவுகளைக் கேட்டால் அது பொய்யும் இல்லை. அதனால் அந்தக் கேள்வி தேர்ந்தெடுக்க உதவாது. எழுதுகிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய எதை இந்த மென்பொருள் என்னிடமிருந்து மறைக்கிறது என்று கேட்டால், பட்டியலில் உள்ள பாதிப் பெயர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

முதலில் தீர்க்க வேண்டியது, நீங்கள் எழுதுவதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்பது. மனிதர்கள் வாசிக்கப் போகிறார்கள் என்றால் இசைக்குறிப்பு மென்பொருள்தான் உங்கள் வீடு. கணினியில் உருவாகும் ஒலிப்பதிவே இறுதி வடிவம் என்றால் கியூபேஸ், லாஜிக், ரீப்பர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருளில் குடியேறலாம். இரண்டும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்பவை என்று பலர் நினைக்கிறார்கள். ஒலிப்பதிவு மென்பொருள் பேசும் மொழி மிடி. 1983-இல் வந்த அந்த நெறிமுறை அடிப்படையில் கீபோர்டை மனத்தில் வைத்து உருவானது: ஒரு கட்டை அழுத்தப்பட்டது, 127 படிகளுக்குள் இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, பிறகு விடப்பட்டது. வில் தந்தியின்மேல் நகரும்போது ஒவ்வொரு கணமும் மாறும் அழுத்தத்தை அந்த மொழியில் சொல்ல வேண்டுமென்றால், ஒன்றாம் எண் கட்டுப்பாட்டிலும் பதினொன்றாம் எண் கட்டுப்பாட்டிலும் நீங்களே வளைகோடு வளைகோடாக வரைந்தாக வேண்டும். ஸ்கோரில், அதாவது எழுதிய இசைத்தாளில், ஒலி படிப்படியாக உயர வேண்டும் என்னும் ஒரு கிரெசெண்டோ குறியாக முடிந்துபோவது இங்கே கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்தில் நாம் இசையமைப்பதாக நினைத்துக்கொள்கிறோம். செய்வதோ வாசிப்பவரின் வேலையை.

செவ்வியல் இசை எழுதக் கற்றுக்கொள்ளும் எவரும் இசைக்குறிப்பு மென்பொருளில்தான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒலிப்பதிவு மென்பொருளின் பியானோ ரோலில் எழுதினால் ஸ்வரங்கள் வண்ணக் கட்டைகளாகத் தெரியும். குரல்கள் ஒன்றையொன்று எப்படிக் கடக்கின்றன, இரண்டு குரல்கள் எங்கே மரபு தவிர்க்கச் சொல்லும் இணை ஐந்தாம் இடைவெளியில் நகர்கின்றன என்பதெல்லாம் கண்ணில் படாது. ஐந்து கோட்டில் எழுதினால் பிழை கண்ணை உறுத்தும்.

எந்த மென்பொருள் என்பதைச் சொல்வதற்குமுன், இந்தத் துறையின் அண்மை வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 1988-இல் வந்த ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருள் ஒரு தலைமுறை முழுவதற்கும் பதிப்புத் தரத்தின் அடையாளமாக இருந்தது. 2024 ஆகஸ்டில் அதை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அதன் நிறுவனமே அறிவித்துவிட்டது. 1993-இல் தோன்றிய சிபேலியஸ் 2006-இல் அவிட் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2012-இல் அதன் லண்டன் குழு கலைக்கப்பட்டபோது அதில் பலரை ஸ்டைன்பெர்க் சேர்த்துக்கொள்ள, அவர்கள் புதிதாக எழுதிய டோரிகோ 2016-இல் வெளிவந்தது. சிபேலியஸ் இன்றும் விற்பனையில் இருக்கிறது என்றாலும், நிலைத்த பெயர்களும் ஒரே நாளில் முடிந்துபோகலாம் என்பதை ஃபினாலேயை நம்பியிருந்தவர்கள் நன்கு உணர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு படைப்பையும் முடித்தவுடன், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்கோரை எடுத்துச்செல்ல உதவும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாக ஒன்றும் பிடிஎஃப் ஆக ஒன்றும் சேமித்துவிடுவது என் வழக்கம். முதலாவதில் ஸ்வரங்களும் பெரும்பாலான குறிகளும் தப்பிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த பக்க அமைப்பு பெரும்பாலும் குலையும், அதற்குத்தான் இரண்டாவது.

தொடங்குபவருக்கு மியூஸ்ஸ்கோர் போதும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் இதைச் சொல்லவில்லை. 2022 டிசம்பரில் வந்த அதன் நான்காம் பதிப்பும், அதனுடன் காசில்லாமல் கிடைக்கும் மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகளும் ஒரு குவார்டெட்டையோ சிறிய இசைக்குழுப் படைப்பையோ எழுதி முடிக்கத் தேவையான எல்லாவற்றையும் தருகின்றன. ஒரு வாத்தியத்தின் வீச்சைத் தாண்டி எழுதினால் ஸ்வரத்தின் நிறம் மாறிவிடும். மறைக்காமல் சொல்லும் மென்பொருளுக்கு அது நல்ல அடையாளம். நாற்பது வரிகளுக்கு மேல் ஓடும் ஸ்கோரும், ஒவ்வொரு கலைஞரும் தாம் வாசிப்பதை மட்டும் கொண்ட தனித்தனிப் பார்ட்டும் தேவைப்படும்போது டோரிகோவுக்கு மாறுவதில் பொருள் இருக்கிறது. அது வாத்தியத்தையும் வாசிப்பவரையும் வேறு வேறாகப் பார்க்கிறது: ஒரே புல்லாங்குழல் கலைஞர் நடுவில் பிக்கோலோவுக்கு மாறுகிறார் என்றால் அவருடைய பார்ட்டில் அந்த மாற்றக் குறிப்பு தானாகவே வந்துவிடும். அந்தக் கலைஞருக்குக் கருவியை மாற்றி எடுக்க நேரம் கொடுத்திருக்கிறோமா என்று உடனே யோசிக்க வைக்கிறதே, எனக்கு அதுதான் பெரிது. தட்டச்சு செய்த எழுத்துகளிலிருந்து ஸ்கோரை உருவாக்கும் லில்லிபாண்டில் எழுதிப் பழகியவர்கள் அதை விடவே மாட்டார்கள், அதன் அச்சழகு அப்படி. ஆனால் யோசித்துக்கொண்டே எழுதுவதற்கு அது எனக்கு ஒத்துவரவில்லை.

இனி, மக்கள் அதிகம் செலவழிப்பதும் அதிகம் ஏமாறுவதுமான இடத்துக்கு வருகிறேன்.

ஒரு நல்ல ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி, அதாவது தந்தி வாத்தியங்களின் பதிவு செய்த ஒலித்தொகுப்பு, எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெல்லியதிலிருந்து உரத்தது வரை பல அடுக்குகளாகப் பதிவு செய்கிறார்கள். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும்போது இயந்திரம்போல் ஒலிக்காமலிருக்க ஒவ்வொன்றையும் பல முறை வாசிக்கவைத்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்கிறார்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இணைப்புகளைத் தனியாகப் பதிவு செய்கிறார்கள். இவை அனைத்தையும் அருகிலுள்ள மைக், நடத்துநர் தலைக்கு மேலே மூன்று மைக்குகள் கொண்ட டெக்கா ட்ரீ, அரங்கின் தொலைவிலுள்ள மைக் என்று பல இடங்களிலிருந்து எடுக்கிறார்கள். இந்த உழைப்பைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இவ்வளவுக்குப் பிறகு நம் கையில் வருவதில் சில உண்மைகள் விடுபட்டிருக்கும். பதினாறு வயலின்கள் சேர்ந்து வாசித்துப் பதிவான ஒலியில் நீங்கள் மூன்று ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டு ஒன்றை அழுத்தினால் நாற்பத்தெட்டு வயலின்கள் வாசிக்கின்றன. அரங்கில் அந்தப் பதினாறு பேர்தான் மூன்றாகப் பிரிவார்கள். புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி இயல்பிலேயே வலுவற்றது, நான்கு ஹார்ன்களுக்கு நடுவில் அது காதில் விழாது. கணினியிலோ அதன் ஒலியளவுக் கம்பியைச் சற்று மேலே தள்ளினால் எல்லாரையும் வென்றுவிடும். ஓபோ வாசிப்பவருக்குக் காற்று தீர்ந்துபோவதைவிட உள்ளே தங்கிவிட்ட பழைய காற்றை வெளியேற்றுவதுதான் பெரும்பாடு, புல்லாங்குழல்காரருக்கோ காற்று சீக்கிரமே தீர்ந்துவிடும். இந்த வேறுபாடு எந்த சாம்பிளிலும், அதாவது பதிவு செய்த எந்த ஒலித்துணுக்கிலும், இல்லை, இருவரும் கணினியில் மூச்சே விடாமல் வாசிப்பார்கள். ஹார்ப்பில் ஏழு பெடல்கள், ஒவ்வொரு ஸ்வரப் பெயருக்கும் ஒன்று. எல்லா அரைஸ்வரங்களையும் தொட்டுச் செல்லும் வேகமான குரோமாட்டிக் ஓட்டம் அதில் நடக்காது. கணினி ஹார்ப் அதைச் சிரித்துக்கொண்டே வாசிக்கும்.

இதைவிட நுட்பமான ஒரு மறைப்பில் நானே சிக்கியிருக்கிறேன். கையிருப்பைக் கரைத்து ஒரு பெரிய ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி வாங்கினேன். ஸ்வரங்களை இழைத்து வாசிக்கும் அதன் மெதுவான லெகாட்டோ கண்ணீர் வரவழைக்கும் அழகு. அடுத்த ஆறு மாதம் நான் எழுதியதெல்லாம் நீண்ட ஸ்வரங்கள், மெதுவான நகர்வுகள், பெருமூச்சுகள். இதுதான் என் பாணி என்றுகூட நம்பத் தொடங்கினேன். உண்மை என்னவென்றால், அந்த லைப்ரரியில் வேகமான ஓட்டங்கள் தடுக்கின. இணைப்பு ஸ்வரங்கள் பத்தில் ஒரு வினாடிக்கும் மேலாகத் தாமதமாக வந்தன. ஆகவே என் விரல்கள் அது எதை நன்றாக வாசிக்குமோ அதையே எழுதின. ஒரு மாலை அந்தப் படைப்புகளில் ஒன்றைப் பியானோவில் வாசித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் நான்கு கார்டுகள், ஒரு நோக்கமுமில்லாத மெட்டு. அழகு முழுவதும் யாரோ ஓர் அரங்கில் வாசித்த முகமறியாத கலைஞர்களுடையது.

அதனால்தான் எழுதும்போது கேட்பதற்கு, சற்றே அழகு குறைந்த ஒலிகளைப் பரிந்துரைக்கிறேன். சிபேலியஸ், டோரிகோ ஆகியவற்றுடன் இயங்கி ஸ்கோரை வாசித்துக் காட்டும் நோட்பெர்ஃபார்மர் என்ற மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ஸ்கோரை ஏறக்குறைய ஒரு வினாடி முன்கூட்டியே படித்து, அடுத்து வரப்போவதை அறிந்து வாசிக்கிறது; வாத்தியங்களுக்கு இடையிலான சமநிலை பெருமளவு நிஜ இசைக்குழுவை ஒத்திருக்கிறது; நீங்கள் வளைகோடு எதுவும் வரைய வேண்டியதில்லை. ஒலி மட்டும் மயக்காது. மயக்காததால் எழுத்திலுள்ள ஓட்டை உடனே கேட்கும்.

ஒலிப்பதிவே இறுதி வடிவம் என்பவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. முழு இசைக்குழுவும் ஒரே அறையில், அவரவர் இருக்கையில் அமர்ந்து வாசித்துப் பதிவான ஒரே லைப்ரரியோடு தொடங்குங்கள். ஸ்பிட்ஃபயர் நிறுவனம் மைடா வேல் ஸ்டூடியோவில் பதிவு செய்த பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியின் சிறிய பதிப்பான டிஸ்கவர் இலவசமாகவே கிடைக்கிறது. எதிரொலியில்லாத தனி அரங்கில் பதிவான பழைய வியன்னா சிம்பொனிக் லைப்ரரி ஒலிகளையும், பெரிய கூடத்தின் எதிரொலியோடு பதிவான மற்றொன்றையும் முதல் நாளே கலக்கப் புறப்பட்டால், இசைக்குப் பதிலாக எதிரொலியைச் சரிசெய்வதிலேயே ஆண்டு கழியும். கான்டாக்ட் என்ற மென்பொருளில் இயங்கும் ஒலிகளை வாங்குமுன், அவை அதன் இலவச பிளேயரில் இயங்குமா, முழுப் பதிப்பு வேண்டுமா என்று விளம்பரத்தின் கடைசி வரிவரை படியுங்கள். முழுப் பதிப்பு கேட்கும் லைப்ரரி பிளேயரில் பதினைந்து நிமிடத்தில் வாயடைத்துப் போகும். மாதச் சந்தாவில் எடுப்பவர்கள், சந்தா நின்றதும் பழைய படைப்புகளும் ஊமையாகும் என்பதை மறக்காமல் ஒவ்வொரு தடத்தையும் ஒலிக்கோப்பாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

பியானோவுக்கு மட்டும் என் சார்பை மறைக்கப் போவதில்லை. சாம்பிள் எதுவுமின்றித் தந்தியின் அதிர்வைக் கணக்கிட்டே ஒலியை உருவாக்கும் பியானோடெக்கையே பயன்படுத்துகிறேன். பெடலைப் பாதி அழுத்தினால் என்ன நடக்கும், ஒரு தந்தி அதிரும்போது தடையின்றி விடப்பட்ட மற்ற தந்திகள் எப்படி முனகும் என்பதை அது அந்தக் கணத்திலேயே கணக்கிட்டுத் தருகிறது, அதுவும் சில பத்து மெகாபைட்டுகளில். ஒலி சற்று மெலிந்திருக்கிறது என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. பெடலைத் தவறாக எழுதினால் அது எனக்குக் காட்டிக்கொடுக்கிறது, எனக்கு அது போதும்.

அந்த குவார்டெட்டில் பிறகு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். எதை விடுவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது வயோலா வாசித்தவர் பென்சிலை எடுத்து, “ஏ-யை எனக்குக் கொடுத்துவிடுங்கள், அவர் திறந்த ஜி தந்தியைப் பிடித்துக்கொள்ளட்டும்” என்று தம் தாளிலேயே எழுதிக்கொண்டார். வாசித்தார்கள். அடுத்தடுத்த அந்த இரண்டு ஸ்வரங்களும் இரண்டு வேறு மரப்பெட்டிகளிலிருந்து எழுந்து உரசிக்கொண்டன. வீட்டுக்கு வந்து அதே மாற்றத்தைக் கணினியில் செய்து, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி ஓடவிட்டேன். ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை.