கேரி மூரின் 'ஆஃப்டர் அவர்ஸ்': ஒரே உறைக்குள் இரண்டு ஆல்பம்

1990இல் 'ஸ்டில் காட் தி ப்ளூஸ்' வந்தபோது கிட்டார் கலைஞர் கேரி மூர் புதுமுகம் இல்லை. தின் லிஸ்ஸி என்ற ராக் குழுவில் வாசித்தவர், எண்பதுகள் முழுக்க ஹார்ட் ராக்கில் பெயர் எடுத்தவர். ஆனாலும் பெரும்பாலானோர் அவரை இன்று நினைவில் வைத்திருப்பது அந்த ப்ளூஸ் ஆல்பத்துக்காகத்தான். அடுத்து 1992இல் வந்த 'ஆஃப்டர் அவர்ஸ்' ஏன் அந்த அளவு நிற்கவில்லை என்று கேட்டால், பலரும் "பாட்டு சரியில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

முந்தைய ஆல்பத்தின் தலைப்புப் பாடலை வாசித்துப் பாருங்கள். டிமைனர் 7, ஜி7, சி மேஜர் 7, எஃப் மேஜர் 7, பி ஹாஃப்-டிமினிஷ்ட், ஈ7, ஏ மைனர். ஒவ்வொரு கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நான்காம் சுரத்துக்குத் தாவி ஒரு வட்டம் சுற்றி வீட்டுக்கு வருகிறது. ப்ளூஸின் வழக்கமான பன்னிரண்டு பார் அமைப்பே இல்லை அது. கார்டு மாறும்போதெல்லாம் மெலடிக்குப் புதிதாக ஓர் இறங்குமிடம் கிடைப்பதால், நீண்டு நிற்கும் அந்த லெஸ் பால் கிட்டாரின் சுரத்துக்கு அர்த்தம் வருகிறது. 'ஆஃப்டர் அவர்ஸ்' ஆல்பத்தின் 'ஸ்டோரி ஆஃப் தி ப்ளூஸ்', 'செப்பரேட் வேஸ்' இரண்டும் அதே உருக்கத்தைத் தேடிப் போகின்றன. சத்தம் இருக்கிறது, அந்த இறங்குமிடங்கள் இல்லை.

ஆல்பத்தின் மறுபாதி ஊதுகருவிகளோடு மெம்ஃபிஸ் நகரத்து சோல் இசைப் பக்கம் சாய்கிறது. 'கோல்ட் டே இன் ஹெல்' எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் இருக்கும் அதே நடு அலைவரிசையில்தான் ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கிய) கிட்டாரும் உட்காருகிறது. அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெய்னை ஏற்றினால் கம்ப்ரெஷனும், அதாவது ஒலியின் ஏற்றத்தாழ்வு சுருங்குவதும், கூடும். மெதுவாகத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கேட்கும். விரலின் பேச்சு போய்விடும்.

ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்கோடு சேர்ந்த 'சின்ஸ் ஐ மெட் யூ பேபி'யைக் கேட்டால் இது உடனே விளங்கும். கிங் நாலு சுரம் வாசித்து நிறுத்துகிறார், அந்த இடைவெளியும் பாட்டில் சேர்ந்துகொள்கிறது. 'தி ப்ளூஸ் இஸ் ஆல்ரைட்'டில் இன்னொரு ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் காலின்ஸ்: டெலிகாஸ்டர் கிட்டார், தந்திகளை அழுத்தாமல் மீட்டினாலே மைனர் கார்டு கேட்கும் திறந்த டியூனிங், மேலே ஏற்றிய கேப்போ (தந்திகளை அழுத்தும் கவ்வி), மீட்டும் வில்லையான பிக் இல்லாத வெறும் விரல். கம்பியைச் சுண்டுவது காதில் தெறிக்கிறது. விருந்தாளிகளுக்கு எதிரில் மூரின் வேகம் தேவையற்றதாகிவிடுகிறது. திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த ஆல்பத்தின் உச்சம் டஸ்டர் பென்னட் எழுதிய 'ஜம்பின் அட் ஷேடோஸ்'. கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் இருந்த காலத்தில் ஃப்ளீட்வுட் மேக் குழு மேடைகளில் வாசித்த பாட்டு. இதில் மூர் காத்திருக்கிறார். வாசித்துப் பழகுபவர்கள் நெக் பிக்கப்பை (கழுத்துப் பக்கம் இருக்கும் ஒலிவாங்கியை) போட்டு, கிட்டார் வால்யூமை 5 அல்லது 6க்கு இறக்கிக்கொள்ளுங்கள். பெண்ட் (தந்தியை வளைத்துச் சுருதி ஏற்றுவது) முழுச் சுரத்தைத் தொட்ட பிறகே வைப்ராட்டோ (சுருதியை லேசாக அசைப்பது) கொடுங்கள். பெண்ட் ஏறும்போதே கையை ஆட்டினால் சுருதி கீழே நிற்கும், அழுகை பொய்யாகிவிடும்.

1995இல் 'ப்ளூஸ் ஃபார் கிரீனி' ஆல்பத்துக்கு, பீட்டர் கிரீனிடமிருந்தே வாங்கிய 1959 லெஸ் பாலை எடுத்தார். நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருப்பதால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்தால் மெலிந்த, குழிந்த ஒலி தரும் கிட்டார் அது. 'ஜம்பின் அட் ஷேடோஸ்' காட்டிய வழியில் ஒரு முழு ஆல்பமே அங்கே கிடைத்தது.