குற்றம் கூனியுடையது மட்டுமா?

'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே' நாவலில் டோரியனைக் கெடுத்தது ஹென்றி பிரபுதான் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தியும் இந்த வாரம் அதையேதான் சொன்னாள். "அந்த ஆள் வாயைத் திறக்காம இருந்திருந்தா டோரியன் நல்லாத்தான் இருந்திருப்பான், ஆச்சி." அவளிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. ஆஸ்கர் ஒயில்ட் 1890இல் ஒரு பத்திரிகையில் வெளியிட்டு, 1891இல் விரித்துப் புத்தகமாக்கிய நாவல் இது. டோரியன் என்ற அழகான இளைஞனை பேசில் என்ற ஓவியர் வரைகிறார். படம் முடிகிற அன்று அவருடைய நண்பர் ஹென்றி வந்து, இந்த அழகெல்லாம் கொஞ்ச காலம்தான், இருக்கும்போதே அனுபவித்துக்கொள் என்று தூபம் போடுகிறார். எனக்குப் பதிலாக இந்தப் படம் கிழடாகட்டும், அதற்கு ஆன்மாவையே கொடுப்பேன் என்று டோரியன் வாய்விட்டுச் சொல்கிறான். அப்படியே நடக்கிறது. வயசும் பாவமும் படத்தில் ஏறுகின்றன. அவன் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஹென்றி புத்தகம் முழுக்கப் பேசுவதோடு சரி. ஒரு குற்றமும் செய்வதில்லை. ஆனால் படிக்கிற நமக்கு அவரைத்தான் பிடித்துப்போகிறது. அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் ஸ்டேட்டஸ் வைக்கத் தோதான வசனங்கள். அவ்வளவு அழகாகப் பேசுகிறவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று டோரியன் மயங்கிய மாதிரியே நாமும் மயங்குகிறோம்.

நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி மண்ணைப் பிள்ளைகள் நாக்கில் வைக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய நாளிலிருந்து ராமாயணத்தை அலசி அலசிக் கேட்டு வளர்ந்த பக்கம் இது. குற்றம் கூனியுடையதா, கைகேயியுடையதா என்ற கேள்வி எங்களுக்குச் சலிப்பதே இல்லை. "கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்" என்று கைகேயிக்குப் பரிந்து பேச எப்போதும் ஒருவர் இருப்பார்.

கம்பனோ கைகேயியை லேசில் கரைய விடவில்லை. ராமனுக்கு முடிசூட்டப்போகிறார்கள் என்று கேட்டதும் அவள் சந்தோஷத்தில் கூனிக்கு ஒரு மாலையையே பரிசாகக் கொடுக்கிறாள். கூனி அந்த மாலையைத் தரை குழியும்படி அடிக்கிறாள். பரதனைச் சொல்லித் தூண்டிப் பார்க்கிறாள். கைகேயி மசியவில்லை. உன் நாக்கை அறுக்காமல் பொறுத்தேன், போ என்று விரட்டுகிறாள். அதற்கு அப்புறம்தான் கூனி வேறொரு வழியில் வருகிறாள். நாளைக்குத் துன்பப்பட்டவர்கள் உன்னிடம் வந்து கையேந்தினால், கோசலையிடம் கேட்டு வாங்கியா கொடுப்பாய்? வெட்கப்பட்டு நிற்பாயா? ஏங்கியே சாவாயா? இல்லை என்று சொல்லி அனுப்புவாயா? எப்படித்தான் வாழப்போகிறாய்? இதையெல்லாம் கேட்ட பிறகுதான் "தூய சிந்தையும் திரிந்தது" என்கிறான் கம்பன். தேவர்கள் மாயை, அரக்கர் பாவம் என்று அவன் வேறு காரணங்களும் சொல்வான். எனக்கு அந்த ஒரு பாட்டே போதுமான காரணம்.

சத்திரம் கட்டியும் கோயில் திருப்பணி செய்தும் பள்ளிக்கூடம் வைத்தும் பேர் எடுத்த இந்த ஊர்களில், அந்தப் பாட்டைக் கேட்டால் சுருக்கென்று குத்த வேண்டும். கூனி ஆசை காட்டவே இல்லை. கொடுக்கிற கை என்ற பெருமை போய்விடுமே என்று கைகேயியைப் பயமுறுத்துகிறாள். அந்தப் பெருமை கூனி கொண்டுவந்து வைத்ததா? கைகேயிக்குள்ளே இருந்ததுதானே! கல்யாண வீட்டில் சாமான் பரப்பும்போது, "போன மாசம் அவுக வீட்டுல எத்தனை வெள்ளி வச்சாக தெரியுமா?" என்று யாரோ ஒருவர் சும்மா சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தைக்காகக் கடன் வாங்கிச் சீரழிந்த குடும்பங்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொன்னவரைத் திட்டி என்ன செய்ய?

கோவலன் கதைக்கு வருகிறேன். நாங்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று நகரத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். அதனாலோ என்னவோ, எங்கள் அப்பத்தா கோவலனைச் சொந்தக்காரப் பையனைத் திட்டுவது போல உரிமையோடு திட்டுவார்கள். அங்கேயும் ஒரு கூனி, ஒரு மாலை. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து இந்த மாலையை வாங்குகிறவன் மாதவிக்கு மணமகன் ஆகலாம் என்று நகர நம்பியர் நடமாடும் தெருவில் கூனி நிற்கிறாள். அவ்வளவு பொன்னை எடுத்து நீட்டக்கூடியவன் நான் என்று ஊருக்குக் காட்ட ஒரு வாய்ப்பு! கோவலன் வாங்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விட்டான். பின்னால் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுக் கண்ணகியிடம் வரும்போதும், வஞ்சகியோடு கூடிக் குன்று போன்ற பொருளை இழந்தேன், இந்த வறுமை எனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறான். பழி மாதவி மேல். வெட்கமோ வறுமைக்காக. கட்டிய மனைவியை விட்டுப் போனதற்கு அந்த இடத்தில் அவன் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

மதுரைக்குப் போகிற வழியில் கோசிகன் என்ற அந்தணன் மாதவியின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான். அதைப் படித்ததும் அவள்மேல் குற்றமில்லை, இது "என் தீது" என்று கோவலன் உணர்கிறான். இந்த ஒரு இடத்துக்காக நான் கோவலனை மன்னிப்பேன். அந்த உணர்வு அவன் உயிரைக் காப்பாற்றவில்லை. மதுரையில் அநியாயமாகத்தான் வெட்டுப்பட்டான். ஆனாலும் சாவதற்கு முன்னால் அவன் மனுஷனாகத் திரும்பிவிட்டான்.

டோரியனுக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்தது. சிபில் வேன் என்ற நாடகக்காரப் பெண் அவனைக் காதலித்தாள். ஒருநாள் அவள் மேடையில் சரியாக நடிக்கவில்லை என்பதற்காக, நண்பர்கள் முன்னால் தனக்கு அவமானம் என்று, ஈவிரக்கமில்லாமல் பேசி உதறிவிட்டுப் போகிறான். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தின் வாயோரத்தில் ஒரு கொடூரக் கோடு. பயந்துபோய், அவளிடம் மன்னிப்புக் கேட்டு உருகி உருகிக் கடிதம் எழுதுகிறான். ஹென்றி வந்து அவள் ராத்திரியே செத்துப்போனாள் என்கிறார். அதையும் ஒரு அழகான சோக நாடகமாக்கிப் பேசிக் காட்டுகிறார். அன்று சாயங்காலமே டோரியன் இசை நாடகம் பார்க்கப் போகிறான். பின்னால் செய்யப்போகிற கொலையைவிட எனக்கு இந்தச் சாயங்காலம்தான் தாங்கவில்லை. பேசியது ஹென்றி, ஒப்புக்கொள்கிறேன். கிளம்பிப் போன கால் யாருடையது?

அப்புறம் கடைசிவரை பழி போட அவனுக்கு யாராவது கிடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் கொடுத்த புத்தகம்தான் என்னைக் கெடுத்தது என்று ஹென்றியிடமே சொல்கிறான். அவன் மிரட்டி வேலை வாங்கிய பழைய நண்பன் ஆலன் கேம்பல் தற்கொலை செய்துகொண்டால், அது அவன் இஷ்டம், எனக்கென்ன என்கிறான். எல்லாவற்றையும் செய்தது அந்தப் படம்தான் என்று வரைந்தவரை மன்னிக்க மறுக்கிறான். கடைசியில் ஒரு கிராமத்துப் பெண்ணைக் கெடுக்காமல் விட்டதை நல்ல காரியமாக நினைத்து, படம் கொஞ்சம் தெளிந்திருக்கும் என்று ஓடிப்போய்ப் பார்க்கிறான். படத்தின் கண்ணில் தந்திரமும் வாயில் பாசாங்கும் சேர்ந்திருக்கின்றன. நல்லது செய்ததும் தன்னைத்தானே அழகு பார்த்துக்கொள்ளத்தான்.

இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, மனசு கெட்டுவிடாதா என்று சில அம்மாக்கள் கேட்கிறார்கள். 1895இல் ஒயில்ட் தொடுத்த அவதூறு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலும் இந்த நாவலை வைத்துத்தான் அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். தாராளமாகக் கொடுங்கள். கூடவே உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.

ஹென்றியின் வசனங்களைப் பகிர்கிறவர்கள் பேசிலை மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அவர் அந்தப் படத்தின் கோரத்தைப் பார்க்கிறார். டோரியனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அவர், நான் உன்னை அளவுக்கு மீறிக் கொண்டாடினேன், அதற்கான தண்டனை எனக்கு. நீயும் உன்னையே அளவுக்கு மீறிக் கொண்டாடிக்கொண்டாய், நம் இருவருக்குமே தண்டனை என்கிறார். வா, சேர்ந்து மண்டியிட்டுப் பிரார்த்திப்போம் என்று கூப்பிடுகிறார். தன் பங்குக்குத் தானே பழி ஏற்கிற அந்த மனிதரைத்தான் டோரியன் அடுத்த சில நிமிடத்தில் கத்தியால் குத்துகிறான். அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை பகிருங்கள்.